இறுதி ஆட்டம் இல்லாமலே சாம்பியன்: பெண்கள் ரோலர் ஹாக்கி சீசனைப் படிப்பது எப்படி?

ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் ரோலர் ஹாக்கி லீகின் புள்ளிப் பட்டியலை முதன்முறையாகப் பார்க்கிறவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சரி, இறுதி ஆட்டம் என்றைக்கு?" அந்த லீகில் பல சீசன்கள் இறுதி ஆட்டம் என்ற ஒன்றே இல்லாமல் முடிந்திருக்கின்றன. இதைச் சொன்னால் ஏமாற்றுவதுபோலப் பார்ப்பார்கள். தவறு அவர்களுடையது அல்ல. நம் ஊரில் 'லீக்' என்ற சொல்லுக்கே ஏலம், இரண்டு மாதப் பரபரப்பு, முடிவில் ஒரே ஓர் இரவு என்று பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

லீக் சீசன் என்பது எப்படி ஓடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டாக ஸ்பெயினின் 'ஓகே லீகா' பெண்கள் பிரிவை வைத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வடகிழக்கு ஸ்பெயினில் பேசப்படும், 'ஹ' ஓசையை விழுங்கிவிடும் கத்தலான் மொழியில் ஹாக்கி என்று சொன்னால் காதில் 'ஒக்கெய்' என்றுதான் விழும்.

முதலில், இது எந்த ஹாக்கி?

சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஆடும் ஹாக்கி இரண்டு உண்டு. ஒன்றில் சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். தரையில் சறுக்கும் தட்டையான வட்டை அடிப்பார்கள். ஐஸ் ஹாக்கியைப் பனியிலிருந்து எடுத்து உலர்ந்த தரையில் வைத்தது போன்ற ஆட்டம் அது. பெயர் இன்லைன் ஹாக்கி. மற்றொன்றில், மாட்டு வண்டியை விட்டுவிட்டு மோட்டார் காரை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரங்கள். வளைந்த மட்டை, உருண்டையான கடினப் பந்து. இந்த இரண்டாவதைத்தான் ரோலர் ஹாக்கி என்கிறார்கள். ஸ்பெயினில் 'ஹாக்கி பத்தீனெஸ்', இத்தாலியில் 'ஹாக்கி பிஸ்தா', உலக அமைப்பின் ஏடுகளில் 'ரிங்க் ஹாக்கி'. எல்லாம் ஒரே ஆட்டம்தான். பெண்கள் வட்டமாக ஓடி ஒருவரையொருவர் இடித்துத் தள்ளும் ரோலர் டெர்பி இதற்கு எந்த வகையிலும் உறவு இல்லை; அதில் பந்தே கிடையாது.

இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளில் இரண்டு ஹாக்கியும் நடப்பதால் நம்மவர்களுக்குக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். தமிழ்நாட்டில் ஸ்கேட்டிங் என்றதும் 2025இல் உலக வேகச் சறுக்குப் போட்டியில் தங்கம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். அவர் காலில் இருந்ததும் ஒரே வரிசைச் சக்கரம்தான்; நாம் பேசப்போவது வேறு சக்கரம்.

தளம் சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சுற்றிலும் ஒரு மீட்டர் உயரத் தடுப்பு. பந்து தடுப்பில் மோதித் திரும்பினால் ஆட்டம் நிற்காது. கேரம் போர்டின் பக்கச் சட்டத்தைப் போல அதையும் கணக்கில் வைத்தே ஆடுவார்கள். கோலுக்குப் பின்னாலும் இடம் உண்டு, அங்கிருந்தும் பந்து வரும். ஒரு நேரத்தில் தளத்தில் நான்கு ஆட்டக்காரர்கள், ஒரு கோல்கீப்பர். கோலின் உயரம் 105 சென்டிமீட்டர், அகலம் 170. அதாவது ஒரு சாதாரணச் சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஆகவே கீப்பர் நிற்பதில்லை; குந்தி உட்கார்ந்தே காக்கிறார். பந்தின் எடை 155 கிராம். கிரிக்கெட் பந்தின் எடையை ஒட்டியது. முகக்கவசத்தின் அருமை அப்போது புரியும்.

இன்னும் ஒன்று: பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். இதை மட்டும் மறக்க வேண்டாம், கடைசியில் தேவைப்படும்.

லீக் என்பது திருவிழாக் கபடி அல்ல

ஊர்த் திருவிழாவில் இரவு முழுக்க நடக்கும் கபடிப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். தோற்ற அணி பையைத் தூக்கிக்கொண்டு வேன் ஏறிவிடும். ஜெயித்த அணி அடுத்த சுற்றுக்கு. விடியும்போது இரண்டே அணிகள். இது நாக் அவுட் முறை.

லீக் அப்படி அல்ல. இது வருடம் முழுக்க எழுதும் தேர்வுகளின் மொத்த மதிப்பெண். காலாண்டில் கோட்டை விட்டவர் அரையாண்டில் பிடித்துக்கொள்ளலாம். யாரையும் நடுவில் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியையும் இரண்டு முறை சந்திக்கிறது: ஒரு முறை சொந்தத் தளத்தில், ஒரு முறை எதிரணியின் தளத்தில். இதற்கு இரட்டைச் சுற்று முறை என்று பெயர்.

ஓகே லீகா பெண்கள் பிரிவு 2008-09 சீசனில் தொடங்கியது. 14 அணிகள் கொண்ட சீசனை எடுத்துக்கொண்டால், ஓர் அணிக்கு எதிராளிகள் 13. இரண்டு முறை என்றால் 26 ஆட்டங்கள். லீக் முழுவதும் 182 ஆட்டங்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கி மறு ஆண்டுக் கோடை நெருங்கும்வரை, பெரும்பாலும் வார இறுதிகளில். ஒரு வார இறுதிக்குள் எல்லா அணிகளும் ஒருமுறை ஆடி முடிக்கும் தொகுப்பை அங்கே 'ஹொர்நாதா' என்பார்கள். நாம் 'சுற்று' என்று சொல்லிக்கொள்ளலாம்.

வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்தக் கணக்குக்குள் ஒரு தூண்டில் இருக்கிறது. இரண்டு ஆட்டங்களைச் சமன் செய்தால் 2 புள்ளி. ஒன்றில் தோற்று ஒன்றில் வென்றால் 3. ஆகவே சமநிலையில் நிற்கும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் துணிந்து முன்னேறுவது பல நேரங்களில் பைத்தியக்காரத்தனம் அல்ல, கணக்கு.

இதுவரை: நான்கு சக்கரம், உருண்டைப் பந்து, ஐந்து பேர். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை. வெற்றிக்கு 3, சமனுக்கு 1.

பத்தாவது ஃபவுல்

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆட்ட முடிவுகளில் 7-5, 6-6 போன்ற எண்களைப் பார்த்துவிட்டு, "தற்காப்பே தெரியாதவர்களோ?" என்பார்கள். தற்காப்பு நன்றாகவே தெரியும். ஆட்டத்தின் விதிதான் அப்படி.

மளிகைக் கடைக் கடன் நோட்டை நினைத்துப் பாருங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று எழுதிக்கொண்டே வருவார். முகம் மாறாது. ஒரு நாள் கூட்டிப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பி நம் பக்கம் வைப்பார். ரோலர் ஹாக்கியில் சிறு ஃபவுல்கள் அப்படித்தான். மட்டையால் மட்டையைத் தட்டுவது, தோளால் மறிப்பது போன்றவை அணியின் கணக்கில் ஏறும். இதற்கு அணி ஃபவுல் என்று பெயர். ஒன்பதுவரை பெரிய ஆபத்து இல்லை. பத்தாவது விழுந்ததும் எதிரணிக்கு நேரடி அடி கிடைக்கும். அதன்பிறகு 15, 20 என ஒவ்வோர் ஐந்துக்கும் இன்னொன்று. இடைவேளையில் இந்தக் கணக்கு அழிக்கப்படுவதில்லை என்பதுதான் விசேஷம்.

நேரடி அடி என்பது கோலிலிருந்து 7.40 மீட்டர் தூரத்தில் வைத்த பந்தோடு ஒரே ஒரு வீராங்கனை, எதிரே கீப்பர், வேறு யாரும் நடுவில் வரக்கூடாது என்ற தனிப்போர். நடுவர் சைகை காட்டியபின் ஐந்து நொடிக்குள் தொடங்க வேண்டும். நின்ற இடத்திலிருந்தே அடிக்கலாம். பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு சறுக்கிப்போய்க் கீப்பரை ஏமாற்றவும் செய்யலாம். அடிப்பவர் தோளைச் சற்று இடப்பக்கம் சாய்க்கிறார். கீப்பர் அதை நம்பி ஒரு காலை நீட்டினால், அடுத்த கணம் பந்து வலப்பக்கம் இழுபட்டு, நீட்டிய காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் போகும். நம்பாமல் அசையாதிருந்தால், சாய்த்த தோளிலிருந்தே அடி வரும். எது பொய் என்று கண்டுபிடிக்கக் கீப்பருக்கு இரண்டு நொடிகூடக் கிடையாது.

ஆகவே ஸ்கோர் பலகையில் கோல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய எண்ணைப் பாருங்கள். அது 9 ஆனவுடன் ஆட்டமே வேறாகிவிடும். தடுப்பவர்கள் மட்டையை உள்ளே இழுத்துக்கொண்டு உடலால் மட்டும் வழி மறிப்பார்கள். தாக்குபவர்கள் வேண்டுமென்றே நெருக்கத்துக்குள் புகுவார்கள். 'தொடுங்களேன் பார்க்கலாம்' என்பதுபோல. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த பகுதி எது என்று கேட்டால், கோல் அல்ல, இந்த ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவிலான நிமிடங்களைத்தான் சொல்வேன்.

பெரிய குற்றத்துக்கு நீல அட்டை. அதை வாங்கியவர் இரண்டு நிமிடம் வெளியே. அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். அதற்குள் ஒரு கோல் வாங்கிவிட்டால் தண்டனை முன்னதாகவே தீர்ந்து ஆள் நிறைந்துவிடும். சிவப்பு அட்டை வாங்கியவருக்கு அந்த ஆட்டம் முடிந்தது. 5.40 மீட்டரிலிருந்து அடிக்கும் பெனால்டி தனி. இவற்றையெல்லாம் கூட்டினால், ஒரே ஆட்டத்தில் கோல்கள் குவிவது ஏன் என்பது புரியும். கூடவே, பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்தவும் முடியாது. 45 நொடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும்.

இதுவரை: சிறு ஃபவுல்கள் சேர்ந்து பத்தானால் தனிப்போர். பெரிய ஃபவுலுக்கு நீல அட்டை. கோல் எண்ணிக்கை அதிகமாவது இந்த இரண்டாலும்தான்.

புள்ளி சமமானால்?

கால்பந்து பார்க்கிறவர்கள் உடனே "கோல் வித்தியாசம்" என்பார்கள். கோல் வித்தியாசம் என்பது போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. பல நாடுகளில் அதுதான் முதலில் பார்க்கப்படும். ஸ்பெயினில் வழக்கம் வேறு: சமமாக நிற்கும் இருவர் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் கை ஓங்கியது என்பதை முதலில் பார்ப்பார்கள். ஊர் முழுக்கக் கடன் கொடுத்த கணக்கு இருக்கட்டும், நமக்குள் யார் யாருக்குத் தர வேண்டும் என்று கேட்பது போல.

ஒரு கற்பனைக் கணக்கு. அல்லி அணியும் முல்லை அணியும் 49 புள்ளியில் நிற்கின்றன. அக்டோபரில் அல்லி 3-1 என்று முன்னணியில் இருந்தது. முல்லைக்கு ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, ஆனாலும் கடைசி நிமிடத்தில் அது ஒரு கோல் போட்டு 3-2 ஆக்கியது. அன்று அதற்கு யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள். மார்ச்சில் முல்லை 4-2 என்று வென்றது. இருவருக்கும் ஒவ்வொரு வெற்றி. இரண்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டினால் முல்லைக்கு 6, அல்லிக்கு 5. முல்லைதான் மேலே. அந்த அக்டோபர் கோல் இல்லாவிட்டால் 5-5 என்றாகி, விஷயம் அடுத்த விதிக்குப் போயிருக்கும். தோற்ற ஆட்டத்தில் கடைசி நிமிடம்வரை மூச்சிரைக்க ஓடுகிறவர்களைப் பார்த்து, "இதற்கு எதற்கு இவ்வளவு?" என்று இனி கேட்க மாட்டீர்கள்.

ஏணியின் மேல்படியும் கீழ்ப்படியும்

ஏலத்தில் பிறந்த லீகில் கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த ஆண்டு அதே அணி அதே இடத்தில் இருக்கும். ஐரோப்பிய லீகில் அப்படி இல்லை. கடைசி இடங்களில் முடிக்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே மேலே முடித்தவை இந்த இடத்துக்கு வரும். ஏற்றம், இறக்கம் என்று இதைச் சொல்கிறார்கள். ஓகே லீகாவுக்குக் கீழே இருக்கும் பிரிவின் பெயர் 'ஓகே பிளாத்தா'. பிளாத்தா என்றால் வெள்ளி.

ஆகவே ஒரே பட்டியலில் மூன்று பந்தயங்கள் நடக்கின்றன. உச்சியில் பட்டத்துக்கு. அதற்குச் சற்றுக் கீழே, அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் தகுதிக்கு. அடியில், உயிர் தப்புவதற்கு. மூன்றாவதை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறவர்கள் பாதிச் சீசனைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கட்சி. போர்ச்சுகலில் பென்ஃபிகா பெண்கள் அணி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பட்டத்தை வைத்துக்கொண்டிருந்தபோதும் அந்த லீகில் சுவாரசியம் செத்துவிடவில்லை. உச்சியில் கதவு சாத்தியிருந்தாலும் கீழே எல்லா அறைகளிலும் விளக்கு எரியும்.

எத்தனை அணிகள் இறங்கும், முடிவில் முதல் சில அணிகளுக்கு மட்டும் தனித் தொடர் உண்டா என்பதெல்லாம் சீசனுக்குச் சீசன் மாறக்கூடிய விதிகள். அப்படித் தொடர் இருந்தால் அதை 'பிளே ஆஃப்' என்பார்கள். அப்போது பட்டியலில் முதலிடம் என்பது சாம்பியன் பட்டம் அல்ல, நல்ல தொடக்கம் மட்டுமே. எந்தச் சீசனையும் பார்க்கத் தொடங்கும்முன் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு குழப்பம்: 'ராணிக் கோப்பை' வென்ற அணியை லீக் சாம்பியன் என்று எழுதிவிடுவது. ராணிக் கோப்பை தனி. எட்டு அணிகள், சில நாட்கள், நம் திருவிழாக் கபடி பாணி. ஒரே சீசனில் லீகை ஒருவரும் கோப்பையை இன்னொருவரும் வெல்வது சர்வசாதாரணம்.

ஊரும் தூரமும்

இந்த ஆட்டத்தின் பெயர்கள் பெருநகரங்களின் பெயர்கள் அல்ல. கத்தலோனியாவின் ஒசோனா வட்டாரத்தில் சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் சந்த் இப்போலித் தெ வோல்த்ரெகா என்ற சிற்றூரின் பெண்கள் அணி ஐரோப்பியக் கோப்பையைப் பலமுறை வென்றிருக்கிறது. ஸ்பெயின் உலகக் கோப்பை வென்ற அணிகளில் இடம்பெற்ற அன்னா காஸர்ரமோனா இந்த அணியில் ஆடியவர். பக்கத்து ஊர் மான்யேயுவுக்கும் பெண்கள் அணி உண்டு. வோல்த்ரெகாவுக்கு நெடுங்காலம் சரிசமமாக நின்ற எதிரி, வடக்குக் கடலோர நகரமான கிகோன். 2007இல் முடிந்த முதல் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றதே அந்த அணிதான்.

கிகோனிலிருந்து பார்சிலோனா பக்கம் போக ஏறக்குறைய 900 கிலோமீட்டர். மான்யேயு அணிக்கோ பக்கத்து ஊர் ஆட்டத்துக்குச் சில கிலோமீட்டர் போதும். பட்டியலில் இரண்டும் '1 ஆட்டம்' என்றுதான் பதிவாகும். பல வீராங்கனைகள் வார நாட்களில் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்குப் பதிவு செய்யக்கூடியவர்கள் கீப்பர்கள் இருவர் உட்பட 10 பேர்தான். ஒருவருக்கு மணிக்கட்டு பிசகினால் போதும், ஒரு மாதப் புள்ளிக் கணக்கு ஆட்டம் காணும்.

சொந்தத் தளத்தின் வசதி என்பதும் வெறும் கைதட்டல் அல்ல. சில தளங்கள் மரம், சில வழவழப்பான சிமென்ட், சில மொசைக் போன்ற கல்தரை. ஒவ்வொன்றிலும் சக்கரம் வேறு மாதிரி பிடிக்கும். வெளியூர் போகும் அணி அந்தத் தரைக்கேற்ற கடினமுள்ள சக்கரங்களை மாற்றி மாட்டிக்கொண்டு, பயிற்சி நேரத்தில் குதிகாலைத் திருப்பித் திருப்பிச் சோதித்துப் பார்க்கும். பிறந்ததிலிருந்து அதே தரையில் விழுந்து எழுந்தவர்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை.

ஒரு வரியைப் படிப்போம்

கற்பனையாக ஒரு பட்டியல் வரி: 26 – 15 – 4 – 7 – 98 – 71 – 49.

ஆடியது 26. வென்றது 15, சமன் 4, தோல்வி 7. போட்ட கோல் 98, வாங்கியது 71. புள்ளி 49. பதினைந்தை மூன்றால் பெருக்கினால் 45, சமன்களுக்கு 4, ஆக 49, சரி. இனி உள்ளே பார்க்கலாம். ஆட்டத்துக்கு ஏறக்குறைய நான்கு கோல் போடும் அணி இது. மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வாங்குகிறது. பயமில்லாமல் தாக்குகிறது, பின்பக்கம் கதவு சரியாகத் தாழிடப்படவில்லை. மேலே இருக்கும் அணி 45 கோல் மட்டும் வாங்கியிருந்தால், இந்த அணி எங்கே கோட்டைவிட்டது என்பதை ஒரு ஆட்டமும் பார்க்காமலே ஊகித்துவிடலாம்.

பட்டியல் சொல்லாததும் உண்டு. கடைசிச் சுற்றில் எவருக்கும் மற்றவர் முடிவு முன்கூட்டித் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக, முக்கியமான ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்கி வைப்பது வழக்கம். இறங்கும் ஆபத்தில் இருக்கும் ஓர் அணி தன் ஆட்டத்தை வென்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. சக்கரக் காலணியைக்கூடக் கழற்றாமல் தளத்தின் நடுவில் வட்டமாக நிற்கிறார்கள், உதவிப் பயிற்சியாளர் கையிலிருக்கும் கைபேசியைப் பார்த்தபடி. வேறொரு ஊரில் நடக்கும் ஆட்டத்தில் இன்னும் இரண்டு நிமிடம் மீதி. அங்கே ஓர் அணியின் ஃபவுல் எண்ணிக்கை 9. கடிகாரம் நின்றிருக்கிறது.